பழுதுப் பதிவை எந்தக் கோப்பாகக் கொடுப்பது? எக்செல், சிஎஸ்வி, தரவுத்தளம், எக்ஸ்எம்எல்: ஓர் ஒப்பீடு

ஐஸ் ஆலையின் அமுக்கி, தோட்டக் கிணற்று நீர்ப்பம்பி, வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கி, பஸ் டிப்போவின் கியர்பெட்டி என்று எதை எடுத்தாலும் இங்கே பழுதுப் பதிவு ஒரு சிஆர் கொப்பியில்தான் தொடங்குகிறது. பிறகு யாரோ அதைப் பார்த்து எக்செலில் தட்டுகிறார்கள். வைபுல் பகுப்பாய்வு (ஓடிய காலத்தையும் பழுதுகளையும் வைத்து ஆயுளைக் கணிப்பது), பழுதுமரம் (எந்தப் பழுதுகள் சேர்ந்தால் முழுத் தொகுதியும் நிற்கும் என்று காட்டும் வரைபடம்) என்று ஒரு நம்பகத்தன்மை மென்பொருளுக்குள் அதை ஏற்ற வேண்டிய நாள் வந்ததும் பலர் ஒரே இடத்தில் முழிக்கிறார்கள். எக்செல் கோப்பை அப்படியே கொடுப்பதா, சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) ஆக்குவதா, அக்சஸ் போன்ற தரவுத்தளத்தில் போடுவதா, எக்ஸ்எம்எல் (குறிச்சொற்களுக்குள் தரவை அடுக்கி எழுதும் எழுத்துக் கோப்பு) எழுதுவதா? கிளிநொச்சி அறிவியல் நகரில் இறுதியாண்டுச் செயற்றிட்டம் செய்யும் மாணவரும் இதைத்தான் கேட்கிறார், பராமரிப்புப் பிரிவில் பத்து வருடம் இருந்தவரும் இதைத்தான் கேட்கிறார்.

இந்த நான்கில் எதைக் கொடுத்தாலும் மென்பொருள் பெரும்பாலும் திறந்துவிடும். ஆகவே திறக்குமா என்று பார்த்துத் தெரிவு செய்வதில் பயனில்லை. தவறாகத் திறந்தால் எது காட்டிக்கொடுக்கும், எது வாயை மூடிக்கொண்டிருக்கும் என்று பாருங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதலில் தரவின் உருவம். ஆயுள் தரவு நிரை நிரையாக வரும்: ஓர் உருப்படி, அது ஓடிய மணித்தியாலம், பழுதானதா இல்லையா. பழுதுமரமும் தொகுதி வரைபடமும் (உருப்படிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் விதத்தைக் காட்டுவது) அப்படியல்ல. அவற்றில் யாருக்கு யார் பிள்ளை என்ற உறவுதான் உயிர். நிரைத் தரவுக்கு நல்லதாக இருக்கும் வடிவம் மரத்துக்குத் தொல்லையாகலாம்.

அடுத்தது வகை. எண் எண்ணாகவும், திகதி திகதியாகவும், உதிரிப்பாக இலக்கம் எழுத்துச் சரமாகவும் போய்ச்சேர வேண்டும். 00412 என்ற இலக்கம் 412 ஆகிவிட்டால் களஞ்சியப் பட்டியலோடு அது இனிப் பொருந்தாது.

மூன்றாவது, பிழை சத்தம் போடுமா என்பது. மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக எடை. இறக்குமதியில் 40 நிரை நிராகரிக்கப்பட்டால் கோபம் வரும், ஆனால் திருத்திவிடுவோம். அந்த 40 நிரையும் பிழையான பெறுமதியோடு உள்ளே போய் உட்கார்ந்தால் அறிக்கை அச்சான பிறகும் யாருக்கும் தெரியாது.

பிறகு தமிழ் எழுத்து தாங்குமா, வேலை ஒருமுறையா மாதாமாதமா, உங்களுக்குப் பின் வருபவருக்கு விளங்குமா என்பவை. பணச்செலவை அளவுகோலாகச் சேர்க்கவில்லை. கோப்பு வடிவத்துக்கு யாரும் காசு வாங்குவதில்லை, நேரந்தான் செலவு.

## எந்த வடிவமும் திருத்தித் தராதவை

வடிவத்தைத் தெரிவு செய்யுமுன் எக்செலுக்குள்ளேயே முடிக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. இவற்றை விட்டுவிட்டு எந்த வடிவத்துக்குப் போனாலும் குப்பை குப்பையாகவே போகும்.

திகதி. நாங்கள் நாள்/மாதம்/ஆண்டு என்று எழுதுகிறோம். கணனி அமெரிக்க ஆங்கில அமைப்பில் இருந்தால் அது மாதம்/நாள்/ஆண்டு என்று வாசிக்கும். ஒரு பெயாரிங் 03/04/2023 அன்று பூட்டப்பட்டு 11/07/2023 அன்று போனது என்று வையுங்கள். எங்கள் முறையில் ஏப்ரல் 3 முதல் யூலை 11 வரை 99 நாள். அமெரிக்க முறையில் மார்ச் 4 முதல் நவம்பர் 7 வரை 248 நாள். ஆயுள் இரண்டரை மடங்கு.

இதில் கெட்டித்தனமான பகுதி வேறொன்று. 13/07/2023 என்று தட்டினால் 13ஆம் மாதம் இல்லாததால் எக்செல் அதைத் திகதியாக ஏற்காமல் எழுத்தாகவே விட்டுவிடும். மென்பொருள் அந்த நிரையை நிராகரிக்கும், நீங்கள் திருத்துவீர்கள். ஆனால் நாள் 1 முதல் 12 வரை உள்ளவை நாளும் மாதமும் இடம் மாறி, நல்ல பிள்ளைபோல உள்ளே போயிருக்கும். சத்தம் போட்டதைத் திருத்திய திருப்தியில் சத்தம் போடாததை விட்டுவிடுவோம். கண்டுபிடிக்க எளிய வழி: திகதி நிரலைத் தெரிந்து, இடம்-வலம் ஒழுங்கமைப்பை நீக்கிவிட்டு, நிரலை அகலமாக்குங்கள். உண்மையான திகதி வலப்பக்கம் ஒட்டும், எழுத்தாக இருப்பது இடப்பக்கம் ஒட்டும். இரண்டும் கலந்திருந்தால் வலப்பக்கம் ஒட்டியிருப்பவற்றைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொப்பியோடு ஒப்பிட்டுத் திருத்திய பின், டெக்ஸ்ட் சார்பால் 2023-04-03 என்ற ஆண்டு-மாதம்-நாள் உருவத்தில் புதிய நிரல் ஒன்று ஆக்கிக்கொள்ளுங்கள். அந்த உருவத்தை இரண்டு விதமாக வாசிக்க இடமில்லை.

பழைய மேக் கணனியில் பிறந்த கோப்பென்றால் இன்னொரு வில்லங்கம் உண்டு. எக்செல் திகதியை நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 45000 என்றால் 2023 மார்ச் 15. மேக்கில் முன்பு 1904 இலிருந்து எண்ணினார்கள். இரண்டுக்கும் 1,462 நாள் வித்தியாசம்.

இன்னும் பழுதாகாதவை. சஸ்பென்ஷன் என்று மென்பொருள்கள் சொல்வது இதைத்தான்: பதிவு மூடும் நாளிலும் ஓடிக்கொண்டிருந்த உருப்படி. கொப்பியில் பழுதானதை மட்டுந்தான் எழுதுவார்கள், ஓடுவதை யாரும் எழுதுவதில்லை. எக்செலில் அவற்றுக்கு நிரை இருந்தாலும் பழுதுத் திகதிக் கலம் வெறுமையாக இருக்கும். பல இறக்குமதி வழிகள் வெறுமைக் கலமுள்ள நிரையைத் தூக்கி எறிந்துவிடும்.

பத்து நீர்ப்பம்பி எடுத்துக்கொள்வோம். நான்கு பழுதானவை: 2,100, 2,900, 3,400, 3,600 மணித்தியாலங்களில். மொத்தம் 12,000. மற்ற ஆறும் தலைக்கு 5,000 மணித்தியாலம் ஓடி இன்னும் ஓடுகின்றன, அது 30,000. பழுது வீதம் மாறாதது என்று கொண்டால், சராசரிப் பழுதிடைக் காலம் 42,000 ஐ 4 ஆல் வகுக்க 10,500 மணித்தியாலம். ஆறு நிரையும் விழுந்துபோனால் 12,000 ஐ 4 ஆல் வகுக்க 3,000. இல்லாத பிரச்சினைக்கு உதிரிப்பாகம் வாங்கி அடுக்குவீர்கள். ஆகவே எந்த வடிவமானாலும் நிலை என்று தனி நிரல் ஒன்று வேண்டும். வெறுமைக் கலத்தை நம்பி எதையும் ஊகிக்க விடாதீர்கள்.

மணித்தியாலமா நாளா. மின்பிறப்பாக்கிக்குத் திகதி வித்தியாசத்தை ஆயுளாக எடுப்பது அர்த்தமில்லாதது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் ஒழுங்காக வரும் மாதத்தில் அதே இயந்திரம் சோதனைக்காக மட்டும் ஓடும். இரண்டு மாதத்தையும் ஒரே 30 நாளாக எண்ணினால் வைபுல் வளைவு எதையும் சொல்லாது. மணிமானி வாசிப்பு இருந்தால் அதை எடுங்கள். மானி மாற்றப்பட்டிருந்தால் பழைய வாசிப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள். அலகை நிரல் தலைப்புக்குள்ளேயே எழுதுங்கள். மேலே தனி நிரையில் எழுதினால் இறக்குமதியில் அது தரவாகப் போய் முழு நிரலையும் எழுத்தாக்கிவிடும்.

இணைத்த கலங்கள். ஐந்து நிரைக்குப் பொதுவாக "பம்பி 3" என்று இணைத்து அழகாக நடுவில் எழுதியிருப்பார்கள். உண்மையில் முதல் நிரைக்கு மட்டுந்தான் பெயர் இருக்கிறது, மற்ற நான்கும் வெறுமை. பிரித்து, கீழே நிரப்புங்கள். நிறத்தால் மட்டும் சொன்ன தகவலும் (சிவப்பென்றால் பழுது) எந்த மாற்றத்திலும் தப்பாது.

## தெரிவு 1: எக்செல் கோப்பை நேரடியாகக் கொடுப்பது

வணிக நம்பகத்தன்மை மென்பொருள்களில் பெரும்பாலானவை எக்செல் கோப்பை நேரடியாக ஏற்கும். நிரல்களைப் பொருத்திக் காட்டச் சொல்லி ஒரு வழிகாட்டித் திரை வரும், அவ்வளவுதான். தமிழ் எழுத்து அப்படியே இருக்கும். எண்ணின் முழுத் துல்லியமும் கோப்புக்குள் இருக்கும். ஒருமுறை வேலைக்கு, சில நூறு நிரைக்கு, இதைவிடச் சுகமானது இல்லை.

மறைசெலவு இறக்குமதிக் கருவிக்குள் இருக்கிறது. விண்டோஸ் மென்பொருள்கள் பல எக்செலைத் தாமாக வாசிப்பதில்லை. மைக்ரோசொப்டின் அக்சஸ் தரவுத்தள இயக்கி ஊடாகத்தான் வாசிக்கின்றன. அந்த இயக்கி வழமையாக முதல் 8 நிரையைப் பார்த்து நிரலின் வகையை ஊகிக்கும். முதல் எட்டு உருப்படியும் 101, 102 என்று எண்ணாக இருந்து ஒன்பதாவது "பி-7" என்று வந்தால், அந்தக் கலம் வெறுமையாகப் போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பழுது விபரம் எழுதும் நிரலில் முதல் எட்டும் சுருக்கமாக இருந்தால், பின்னால் வரும் நீண்ட விபரங்கள் 255 எழுத்தோடு வெட்டப்படலாம். தப்ப வழி ஒன்று: தலைப்புக்கு அடுத்த நிரையாக ஒரு போலி நிரை வையுங்கள். எழுத்து நிரல்களில் நீண்ட எழுத்துச் சரம், எண் நிரல்களில் எண். ஏற்றிய பின் அதை அழித்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் எண்ணும் எழுத்தும் கலந்த நிரலை எழுத்தாக எடுக்கும் அமைப்பில் இயக்கி இருந்தால் வேலை செய்யும்.

இயக்கி 32 பிட், ஒபிஸ் 64 பிட் என்று முட்டிக்கொண்டால் இறக்குமதியே தொடங்காது. வழங்கி பதியப்படவில்லை என்று செய்தி வரும். எரிச்சல்தான், ஆனாலும் சத்தம் போடுகிற பிழை.

சூத்திரங்களிலும் கவனம் வேண்டும். கோப்பில் சூத்திரமும் கடைசியாகக் கணித்த விடையும் சேர்ந்தே இருக்கும், இறக்குமதிக் கருவி விடையைத்தான் எடுக்கும். பைதன் என்ற நிரலாக்க மொழியின் நூலகத்தால் உருவாக்கிய கோப்பை ஒருமுறையேனும் எக்செலில் திறந்து சேமிக்காவிட்டால் அந்த விடை இருக்காது, கலம் வெறுமையாகப் போகும். கொடுக்குமுன் எல்லாவற்றையும் பெறுமதியாக ஒட்டிவிடுவது நல்லது.

பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தைக் கேட்கும் மென்பொருள் இன்னும் உண்டு. அதன் எல்லை 65,536 நிரை. 2020 ஒக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கோவிட் தொற்றாளர் விபரம் அறிக்கையில் விடுபட்டது இந்த எல்லையால்தான். பளைப் பக்கம் நிற்பது போன்ற ஒரு காற்றாலை 10 நிமிடத்துக்கொரு பதிவு தந்தால் வருடத்துக்கு 52,560 நிரை. ஒன்று கொள்ளும், இரண்டு கொள்ளாது. புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸின் எல்லை 10,48,576.

## தெரிவு 2: சிஎஸ்வி

எழுத்தால் ஆன சாதாரணக் கோப்பு. எந்த மென்பொருளும் வாசிக்கும், நோட்பேட்டில் திறந்து கண்ணால் பார்க்கலாம், பத்து வருடம் கழித்தும் திறக்கும். என்ன போகிறதோ அது கண்ணுக்குத் தெரிகிறது என்பதால்தான் இதற்கு எங்கள் மதிப்பெண் அதிகம். ஆனால் சிஎஸ்விக்குள் வகை என்று எதுவும் இல்லை. எல்லாம் எழுத்து. எண் எது, திகதி எது என்று வாசிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

நம்பகத்தன்மை வேலையில் மிக மோசமான பொறி இங்கேதான் இருக்கிறது: எக்செல் சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கலத்துக்குள் இருப்பதை எழுதுவதில்லை, திரையில் தெரிவதை எழுதுகிறது. பழுது வீதம் மணித்தியாலத்துக்கு 0.00000342 என்று இருக்கிறது. கலம் இரண்டு தசமத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. திரையில் 0.00. சிஎஸ்வியிலும் 0.00. மாதிரியில் அந்த உருப்படி ஒருபோதும் பழுதாகாத உருப்படியாகிவிடும். மென்பொருள் குறை சொல்லாது. பூச்சியம் செல்லுபடியான எண்தானே. சேமிக்குமுன் எண் நிரல்கள் எல்லாவற்றையும் பொது வடிவத்துக்கு மாற்றுங்கள். அல்லது வீதத்தை மில்லியன் மணித்தியாலத்துக்கு என்று மாற்றி 3.42 என எழுதுங்கள், ஃபிட் அலகில் (பில்லியன் மணித்தியாலத்துக்கு) என்றால் 3,420. எந்த அலகு என்று மென்பொருளிலும் அதே மூச்சில் அமையுங்கள்; இந்த இரண்டுக்கும் இடையில் ஆயிரம் மடங்கு. ஆயிரக் காற்புள்ளியையும் எடுத்துவிடுங்கள். 1,250 என்று தெரியும் கலம் மேற்கோள் குறிக்குள் எழுத்தாகப் போகும். லிப்ரேஒபிஸில் சேமிக்கும்போது, தெரிவதுபோலச் சேமி என்ற பெட்டியில் சரி அடையாளத்தை எடுத்துவிட்டால் முழுப் பெறுமதியும் போகும். இந்த ஒன்றுக்காகவே அதை நிறுவி வைத்திருக்கலாம்.

தமிழுக்கு வருவோம். எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது. சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்ற தெரிவு எக்செல் 2016 முதல் வந்தது. இன்னும் 2007, 2010 ஓடும் அலுவலகங்கள் எங்கள் பக்கம் நிறைய. அங்கே லிப்ரேஒபிஸ்தான் வழி. பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு இன்னொரு கதை. எக்செலுக்குள் எழுத்துருத் தகவல் இருப்பதால் தமிழாகத் தெரியும். சிஎஸ்வியில் எழுத்துரு இல்லை, ஆகவே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். முதலில் யூனிகோட்டாக மாற்றுங்கள், அதுவும் தமிழ் நிரல்களை மட்டும். முழுத் தாளையும் மாற்றியில் போட்டால் உருப்படி இலக்கங்களில் இருக்கும் ஆங்கில எழுத்துகளும் தமிழாகிவிடும்.

கலத்துக்குள் ஆல்ட்-என்டர் அடித்து இரண்டாம் வரி எழுதியிருந்தால் சில இறக்குமதிக் கருவிகள் அதைப் புது நிரையாக எடுக்கும். பழுது விபரங்களில் இது அடிக்கடி வரும்.

கடைசியாக, செய்த சிஎஸ்வியைச் சரிபார்க்க எக்செலில் இரட்டைச் சொடுக்கு அடிக்காதீர்கள். அது 00412 ஐ 412 ஆக்கும், 5-2 என்ற இலக்கத்தைத் திகதியாக்கும், 2ஈ5 என்று ஆங்கில எழுத்தோடு வரும் இலக்கத்தை 2,00,000 ஆக்கும். பார்த்துவிட்டுப் பழக்கத்தில் சேமித்தும் விடுவீர்கள். மைக்ரோசொப்ட் 365 இல் இந்தத் தானியங்கி மாற்றங்களை நிறுத்த அமைப்பு உண்டு. மற்றவற்றில் தரவுத் தாவலின் ஊடாக இறக்கி, நிரல் வகையை நீங்களே சொல்லுங்கள். அல்லது நோட்பேட்.

## தெரிவு 3: நகலெடுத்து ஒட்டுவது

பலரும் உண்மையில் செய்வது இதைத்தான். 30 நிரை ஆயுள் தரவுக்கு ஒட்டுவதில் தவறொன்றும் இல்லை. ஒட்டும்போதும் பெரும்பாலும் திரையில் தெரிவதுதான் போகும் என்பதால் சிஎஸ்வியின் தசமப் பொறி இங்கேயும் உண்டு. வடிகட்டியால் மறைத்த நிரைகள் நகலில் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். எதை ஒட்டினோம் என்பதற்குப் பிறகு எந்தச் சாட்சியும் இருக்காது. மாதாமாத வேலைக்கு வேண்டாம்.

## தெரிவு 4: அக்சஸ், எஸ்கியூலைட் போன்ற தரவுத்தளம்

பிழையைச் சத்தம் போட வைக்க வேண்டும் என்றால் இதற்கு நிகரில்லை. நிலை நிரலில் பழுது, ஓடுகிறது என்ற இரண்டைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது, மணித்தியாலம் பூச்சியத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும், உருப்படி இலக்கம் உருப்படிப் பட்டியலில் இருக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். மீறினால் கோப்பே ஏற்காது. தட்டுகிறவர் அந்த இடத்திலேயே திருத்துவார், பகுப்பாய்வாளர் ஆறு மாதம் கழித்துத் தலையைச் சொறிய வேண்டியதில்லை.

உருப்படிக்கு ஓர் அட்டவணை, பழுதுக்கு ஓர் அட்டவணை, பராமரிப்புக்கு ஓர் அட்டவணை என்று பிரியுங்கள். எண்ணெய், எரிவாயுத் துறைக்காக எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 14224 தரமும் (2016 பதிப்பு) இப்படித்தான் பிரிக்கிறது. நாங்கள் அந்தத் துறையில் இல்லாவிட்டாலும், எந்த எந்த நிரல் வேண்டும் என்பதற்கு அது நல்ல வழிகாட்டி.

இதன் விலை ஆள். அக்சஸ் தெரிந்தவர் மாற்றலாகிப் போனால் படிவத்தைத் திருத்த யாரும் இல்லாமல் மீண்டும் எக்செலுக்கே திரும்பிய இடங்கள் பல. அக்சஸ் கோப்பின் எல்லை 2 ஜிபி. பழுதுப் பதிவுக்கு அது எட்டாத தூரம். முன்னர் சொன்ன 32/64 பிட் சண்டை இங்கேயும் உண்டு. எஸ்கியூலைட் இலவசம், ஒரே கோப்பு. ஆனால் வழமையான அமைப்பில் எண் நிரலுக்குள் எழுத்தையும் விட்டுவிடும். 2021இல் வந்த 3.37 பதிப்பு முதல் அட்டவணையைக் கண்டிப்பானதாக ஆக்கலாம். ஆக்காவிட்டால் தரவுத்தளம் வைத்திருப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

## தெரிவு 5: எக்ஸ்எம்எல்

ஆயுள் தரவுக்கு எக்ஸ்எம்எல் வீண் பாரம். பழுதுமரத்துக்குத்தான் அது பொருந்தும். ஓபன்-பிஎஸ்ஏ என்ற திறந்த மாதிரிப் பரிமாற்ற வடிவம் எக்ஸ்எம்எல்லில்தான் எழுதப்படுகிறது. ஸ்க்ராம் போன்ற இலவச மென்பொருள் அதை நேரே வாசிக்கும்.

எக்செலில் மரத்தை எழுதும்போது, கதவு (பிள்ளைகள் எல்லாம் விழ வேண்டுமா, ஏதாவது ஒன்று போதுமா என்று சொல்லும் முடிச்சு), கதவின் வகை, பிள்ளை என்று மூன்று நிரல் வைத்து, ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை எழுதுங்கள். உள்தள்ளி மரம்போல வரையாதீர்கள். வரைந்ததைப் பிரித்தெடுக்கக் கணனிச் செய்நிரல் எழுதுவதற்குள் போதும்போதும் என்றாகிவிடும்.

இங்கே ஆபத்து பெயரில். இரண்டு பம்பிக் கிளைக்கும் பொதுவான மின்வழங்கல் தடைப்பட நிகழ்தகவு 0.01 என்போம். இரண்டு கிளையும் சேர்ந்து விழுந்தால்தான் நீர் நிற்கும். பெயர் ஒன்றாக இருந்தால் மின்தடையால் மட்டும் நீர் நிற்கும் நிகழ்தகவு 0.01. ஒரு நிரையில் பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருந்தால் சில மென்பொருள் அதை வேறு நிகழ்வாக எடுத்து, இரண்டையும் பெருக்கி 0.0001 என்று சொல்லும். நூறு மடங்கு நம்பிக்கை, சும்மா வந்தது. நிகழ்வுகளைத் தனிப் பட்டியலில் ஒருமுறை மட்டும் வரையறுத்து, கதவுகளிலிருந்து பெயரால் சுட்டும் ஒழுங்கில் எழுதினால் இது பெரும்பாலும் பிடிபடும். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் சரியாகச் சோதிக்கும் மென்பொருள் மரத்தை ஏற்க மறுக்கும். எக்செலில் ட்ரிம் சார்பை ஓடவிட்ட பிறகே மாற்றுங்கள்.

ஜேசன் என்ற எழுத்துக்கோப்பு வடிவத்திலும் மரத்தை எழுதலாம். ஆனால் அதில் திகதி வகை இல்லை.

## ஆரும் பைதனும் பாலமாக

ஆர் (R), பைதன் என்ற இந்த நிரலாக்க மொழிகள் வடிவமல்ல, வழி. எக்செலை வாசித்து, சோதித்து, மென்பொருள் கேட்கும் உருவத்தில் எழுதித்தரும். மாதாமாதம் வேலை என்றால் ஒருமுறை எழுதிவைப்பது பெறுமதியானது. ஆனால் இவற்றுக்கும் சொந்தக் குணங்கள் உண்டு.

பழுதுக்கு எஃப், ஓடுவதற்கு எஸ் என்ற ஆங்கில எழுத்துகளைக் குறியீடாக வைப்பது வழக்கம். ஒரு கோப்பில் எல்லாமே பழுதானவை என்று வையுங்கள். நிரல் முழுக்க எஃப். ஆர் மொழியின் வழமையான சிஎஸ்வி வாசிப்பு அதைப் பொய் என்ற தருக்கப் பெறுமதியாக எடுத்துவிடும். ஆயுள் தரவைப் பகுப்பாயும் ஆரின் உயிர்பிழைப்புப் பொதியில் (survival) பொய் என்றால் பழுதாகவில்லை. முழுத் தரவும் தலைகீழ். நிரல் வகையை எழுத்து என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். 1, 2 என்று குறியிட்டால் அதே பொதியில் 2 தான் பழுது என்பதையும் கவனியுங்கள்.

நல்லூருக்கு என்ஏ என்று இடக்குறி வைத்திருக்கிறீர்களா? ஆரும் சரி, பைதனின் பாண்டாஸ் நூலகமும் சரி, அதை விடுபட்ட பெறுமதியாக எடுக்கும். நல்லூர்ப் பம்பிகள் எல்லாம் இடமில்லாமல் நிற்கும். குறியை மாற்றுவதுதான் சுகம்.

விடையை வெளியே கொண்டுபோகும்போதும் ஒன்று: ஆரின் சர்வ்ரெக் சார்பு தரும் அளவு (scale) என்ற எண் வைபுலின் உருவக்காரணி பீற்றாவின் தலைகீழ். 0.5 என்று வந்தால் பீற்றா 2. அப்படியே 0.5 ஐ அடுத்த மென்பொருளில் தட்டினால், தேய்மானத்தால் பழுதாகும் பொருள் ஆரம்பக் கோளாறால் பழுதாகும் பொருளாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| வடிவம் | வகை காப்பது | பிழை தெரியவருமா | தமிழ் | மறைசெலவு |
|---|---|---|---|---|
| எக்செல் நேரடி | நன்று, ஆனால் இயக்கி ஊகிக்கும் | அரிது | பிரச்சினையில்லை | 8 நிரை ஊகம், 32/64 பிட் |
| சிஎஸ்வி யூடிஎஃப்-8 | இல்லை | கண்ணால் பார்த்தால் தெரியும் | பாமினி தவிர நன்று | தசமம் விழுதல், எக்செலில் மீளத் திறத்தல் |
| ஒட்டுதல் | இல்லை | இல்லை | நன்று | சாட்சி இல்லை |
| தரவுத்தளம் | மிக நன்று | தட்டும்போதே | நன்று | ஆள், அமைக்கும் நேரம் |
| எக்ஸ்எம்எல் | நன்று | சோதித்தால் தெரியும் | விபரத்தில் மட்டும் வையுங்கள் | எழுதச் செய்நிரல் வேண்டும் |

## யாருக்கு எது

இறுதியாண்டுச் செயற்றிட்டம், ஒருமுறை பகுப்பாய்வு, சில நூறு நிரை: மூலத்தை எக்செலில் வைத்துக்கொண்டு சிஎஸ்வி யூடிஎஃப்-8 ஆகக் கொடுங்கள். கூடவே ஒவ்வொரு நிரலும் என்ன, எந்த அலகு, குறியீடு என்ன என்று அரைப் பக்கம் எழுதி அதே கோப்புறையில் போடுங்கள். மேற்பார்வையாளர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அந்த அரைப் பக்கமே பதில்.

மென்பொருளின் சொந்த எக்செல் வார்ப்புரு இருந்தால், உதாரணமாக பழுதுவகை விளைவுப் பகுப்பாய்வு அட்டவணைக்கு, அதை மீறிச் சிஎஸ்விக்குப் போகாதீர்கள். அந்த வார்ப்புருவில் நிரல் வகைகள் முன்பே கட்டப்பட்டிருக்கும். 8 நிரைத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஒரு டிப்போ, ஒரு நீர்வழங்கல் திட்டம், ஒரு வைத்தியசாலை என்று வருடக்கணக்கில் பதிவு ஓடப்போகிறது, தட்டுபவர் ஒருவர், பகுப்பாய்பவர் வேறொருவர் என்றால் தரவுத்தளம். அதைப் பராமரிக்க இரண்டு பேராவது பழகியிருந்தால் மட்டும். ஒருவர்தான் என்றால், கலச் சரிபார்ப்பு விதிகள் வைத்த எக்செலும் மாதாந்தச் சிஎஸ்வியும் அதைவிட நீண்ட நாள் உயிர் வாழும்.

மரம் அல்லது தொகுதி வரைபடம், உருப்படி ஐம்பதுக்கு மேல், வேறு மென்பொருளுக்கும் கொடுக்க வேண்டும் என்றால் எக்ஸ்எம்எல். இருபது நிகழ்வுள்ள மரத்தைக் கையால் வரைந்துவிடுங்கள், மாற்றி எழுதும் நேரத்தில் முடிந்துவிடும்.

## ஏற்றிய பின்

எந்த வழியில் போனாலும் ஐந்து எண்ணை எக்செலிலும் மென்பொருளிலும் ஒப்பிடுங்கள்: நிரைகளின் தொகை, பழுதானவற்றின் தொகை, ஓடுபவற்றின் தொகை, மணித்தியாலங்களின் கூட்டுத்தொகை, மிகச் சிறிய மணித்தியாலம். மிகச் சிறியது பூச்சியமாகவோ மறையெண்ணாகவோ வந்தால் திகதியைப் போய்ப் பாருங்கள். பூச்சிய ஆயுளை வைபுல் ஏற்காது, மடக்கை எடுக்க வழியில்லை.

உண்மைத் தரவை ஏற்றுமுன், மேலே சொன்ன பத்துப் பம்பியையும் ஒரு சோதனைக் கோப்பாக ஆக்கி அதே வழியில் விட்டுப் பாருங்கள். ஓர் உருப்படிக்கு 00412 என்று இலக்கம் வையுங்கள், ஒன்றின் விபரத்தைத் தமிழில் எழுதுங்கள், ஒன்பதாவது நிரையில் எழுத்து கலந்த இலக்கம் போடுங்கள். அடுக்குக்குறிப் பரம்பலைத் (பழுது வீதம் மாறாதது என்று கொள்வது) தெரிந்து, அதியுயர் நிகழ்தக்கமை முறையில் சராசரியைக் கேளுங்கள். 10,500 வந்தால் வழி சரி. 3,000 வந்தால் ஓடும் பம்பிகள் விழுந்துவிட்டன. 7,000 வந்தால் பழுதும் ஓடுவதும் இடம் மாறிவிட்டன. 42,000 ஐ 4 ஆல் வகுக்காமல் 6 ஆல் வகுத்திருக்கிறது. 4,200 வந்தால் பத்தையுமே பழுதானதாக எடுத்திருக்கிறது. அந்தக் கோப்பை அழிக்காமல் வையுங்கள். ஒபிஸ் பதிப்போ மென்பொருள் பதிப்போ மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் அதை ஓடவிட்டுப் பார்க்கலாம்.